தலைக்கு மேல் பெயர் இல்லாத ஊர்

எங்கள் சர்வருக்குப் புதிதாக வரும் ஆள் முதலில் கேட்பது, வண்டி எங்கே கிடைக்கும் என்று. அடுத்த கேள்வி பெரும்பாலும் இதுதான்: "ப்ரோ, யார் தலைக்கு மேலயும் பேரே வரலையே, கேம்ல ஏதாச்சும் பிரச்சனையா?"

பிரச்சனை இல்லை, வேண்டுமென்றேதான் அப்படி வைத்திருக்கிறோம். ஜிடிஏ 5 ஆட்டத்தைத் தனி சர்வர்களில் ஆட உதவும் ஃபைவ்எம் என்ற மாட் வழியாக ஓட்டும் சின்ன ஆர்பி, அதாவது ரோல்பிளே, சர்வர் அது. தமிழில் பேசி ஆடுகிறவர்கள், கூட்டம் அதிகம் வரும் ராத்திரியிலும் அறுபது பேரைத் தாண்டுவது அபூர்வம். சுடுவதும் ரேஸ் ஓட்டுவதும் இங்கே இரண்டாம் பட்சம். ஆட்டத்தின் ஊரான லாஸ் சாண்டோஸில் ஒருவர் மெக்கானிக், ஒருவர் போலீஸ், ஒருவர் டாக்சி ஓட்டுகிறார், ஒருவர் வட்டிக்கு விடுகிறார். ஒவ்வொருவரும் தன் கேரக்டராகவே பேசி, பழகி, சண்டை போட்டு, சமாதானம் ஆகிக் கதையை நகர்த்துகிறார்கள். அந்த சர்வருக்கு ஸ்கிரிப்ட், அதாவது நிரல், எழுதுவது என் பொழுதுபோக்கு. பொழுதுபோக்கு என்று வீட்டில் சொல்லிக்கொள்கிறேன்.

பெயர் தெரிந்தால் என்ன கெட்டுப்போகும்? சாண்டி ஷோர்ஸ் பெட்ரோல் பங்கில் ஒருவர் இன்னொருவரிடம் ஓட்டை வண்டியை நல்ல வண்டி என்று தலையில் கட்டிவிட்டுப் பணத்தோடு ஓடுகிறார் என்று வையுங்கள். ஏமாந்தவர் நேராக மிஷன் ரோ போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் ஏமாற்றியவரின் முழுப் பெயரை இனிஷியலோடு சொல்கிறார். எப்படித் தெரியும் என்றால், தலைக்கு மேலே எழுதியிருந்தது. உடனே வாரண்ட், கைது, கதை முடிந்தது. விசாரணை, சாட்சி, அங்க அடையாளம் எதற்குமே இடமில்லை. போலீஸாக ஆட ஆசைப்பட்டு வந்தவருக்கு கிளார்க் வேலைதான் மிஞ்சுகிறது. கேரக்டருக்குத் தெரியாததை ஆடுகிறவர் பயன்படுத்துவதை மெட்டா கேமிங் என்பார்கள், எல்லா ஆர்பி சர்வரிலும் அது குற்றம். ஆனால் பெயரைக் கண்ணெதிரே தொங்கவிட்டுவிட்டு, அதைப் படித்ததாகக் காட்டிக்கொள்ளாதே என்று விதி போட்டால் எத்தனை பேர் கேட்பார்கள்? நல்லவர்களுக்கே நாக்கு தவறும்.

எழுத உட்காரும் முன் மற்றவர்கள் இதை எப்படிச் சமாளித்தார்கள் என்று பார்த்தேன். ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ் காலத்து சாம்ப் (அந்த ஆட்டத்தைப் பலர் சேர்ந்து ஆட வைத்த மாட்) சர்வர்களில் ஆடியவர்களுக்கு நினைவிருக்கும்: பெயரையும் குடும்பப் பெயரையும் நடுவில் ஒரு அடிக்கோடு போட்டுச் சேர்த்துத்தான் உள்ளே வர வேண்டும். மாஸ்க் போட்டால் தலைக்கு மேல் இருக்கும் பெயர் மறையும், சாட்டில் 'ஸ்ட்ரேஞ்சர்' என்று வரும். எல்லாம் சரி, டேப் விசையை அழுத்தினால் சர்வரில் இருக்கிற அத்தனை பேரின் பட்டியலும் ஐடி எண்ணோடு விரியும். மாஸ்க் போட்டவன் ஐடி தெரிந்தால் பட்டியலில் தேட ஒரு நொடி போதும். பெயர்ப்பலகையை ஒருவருக்குக் காட்டி இன்னொருவருக்கு மறைக்க அங்கே தனிக் கட்டளையே இருந்தது. ஆனால் அந்தப் பட்டியலை ஆளுக்கு ஆள் மாற்றிக் காட்ட வழியில்லை.

கேரிஸ் மாட் என்ற ஆட்டத்தில் ஓடும் ஹீலிக்ஸ் என்ற ஆர்பி சட்டகம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. தெரியாத ஆள் பேசினால், பெயருக்குப் பதில் அவர் தன்னைப் பற்றி எழுதி வைத்த வர்ணனையின் முதல் சில சொற்கள் வரும். அறிமுகம் செய்துகொள்ள ஒரு மெனு உண்டு. கிசுகிசுக்கும் தூரத்தில் இருப்பவர்களுக்கா, பேசும் தூரத்தில் இருப்பவர்களுக்கா, கத்தினால் கேட்கும் தூரம் வரைக்குமா என்று நாமே தேர்ந்தெடுக்கலாம். எனக்குப் பிடித்த ஏற்பாடு. ஒரே குறை, அதன் அடிப்படை வடிவில் பொய்ப் பெயர் சொல்ல முடியாது. அறிமுகம் என்றால் உண்மைப் பெயர்தான் போய்ச் சேரும்.

என்னை ரொம்ப யோசிக்க வைத்தது ஸ்பேஸ் ஸ்டேஷன் 13. பார்க்கப் பொம்மைப் படம் மாதிரி இருக்கும் பழைய இரு பரிமாண ஆட்டம், பையோண்ட் என்ற தளத்தில் ஓடுவது. அதில் ஒருவரின் பெயர் என்பது தனியாக ஒட்டி வைத்த சீட்டு கிடையாது. முகமும் மாட்டியிருக்கும் அடையாள அட்டையும் சேர்ந்துதான் பெயரைத் தீர்மானிக்கின்றன. முகத்தை மூடிக்கொண்டு அட்டையைக் கழற்றிவிட்டால் 'அன்னோன்' என்று தெரியும். முகத்தை மூடிக்கொண்டு டாக்டரின் அட்டையை மாட்டினால் எல்லோர் கண்ணுக்கும் நீங்கள்தான் டாக்டர். முகத்தை மூட மறந்துவிட்டு அவர் அட்டையை மாட்டினால் உங்கள் பெயரும், பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் அட்டையில் இருக்கும் பெயரும் வந்து மானம் போகும். தீயில் முகம் கருகிப் போனாலும் அடையாளம் தெரியாது. ரேடியோவில் பேசினால் குரல் காட்டிக்கொடுக்கும், அதற்குக் குரல் மாற்றும் முகமூடி தனியாக வேண்டும். யாரும் யாரையும் "மெட்டா அடிக்காதே" என்று கெஞ்ச வேண்டியதில்லை. ஏமாற்றுவதும் கண்டுபிடிப்பதும் ஆட்டத்துக்குள்ளேயே நடந்துவிடும்.

இன்னொரு பக்கம் எழுத்திலேயே ஆடும் மட் ஆட்டங்கள். அவற்றை உருவாக்க எவெனியா என்று பைத்தானில் எழுதிய ஒரு திறந்த மூல நூலகம் இருக்கிறது. அதன் ஆர்பி தொகுப்பில் ஒவ்வொரு கேரக்டருக்கும் ஒரு சிறு வர்ணனை: உயரமான மனிதர், தலைப்பாகை கட்டிய கிழவர், இப்படி. நீங்கள் அவரைப் பார்த்து உங்கள் வசதிக்கு ஒரு பெயர் வைத்துக்கொள்ளலாம். அந்தப் பெயர் உங்களுக்கு மட்டும்தான் தெரியும். ஒருவர் "உயரமான மனிதரைப் பார்த்துக் கண்ணடிக்கிறேன்" என்று எழுதினால், அறையில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் அந்த வாக்கியம் வேறு வேறாகப் போய்ச் சேரும். தெரியாதவருக்கு உயரமான மனிதர், சிநேகிதருக்கு அவர் பெயர், கடன் கொடுத்தவருக்கு அவர் வைத்திருக்கும் வசைச்சொல். முகமூடி போட்டால் வர்ணனை மாறும், பழைய அறிமுகமெல்லாம் அதைக் கழற்றும்வரை செல்லாது.

இதைப் பார்த்த பிறகு எனக்கு ஒன்று தெளிவானது. பெயர் யாருடையது என்று கேட்டால், சுமப்பவருடையது என்றுதான் சட்டென்று தோன்றும். ஆர்பியில் அப்படி எழுதினால் ஓட்டைகளை அடைத்து மாளாது. அது பார்ப்பவரின் நினைவில் இருக்கிற விஷயம், அங்கேதான் சேமிக்க வேண்டும்.

ஆக எங்கள் டேட்டாபேஸில் ஒரு சின்ன அட்டவணை, மூன்று பத்தி: பார்க்கிறவர், பார்க்கப்படுகிறவர், இவர் அவரை என்னவென்று அறிவார். மூன்றாவது பத்தியில் இருப்பது வெறும் எழுத்து. உண்மைப் பெயரோடு அதற்கு எந்தத் தொடர்பும் கிடையாது. நான் உங்களிடம் "என் பேரு குமார்" என்று சொன்னால் குமார் என்று பதியும். நான் குமாராக இருக்க வேண்டிய அவசியமில்லை. முதல் இரண்டு பத்திகளில் கேரக்டரின் எண், ஆடுபவரின் கணக்கு எண் கிடையாது. ஒரே ஆள் இரண்டு கேரக்டர் வைத்திருந்தால், மெக்கானிக்கைத் தெரிந்தவர்களுக்கு அவருடைய வட்டிக்காரரைத் தெரியாமல் இருக்க வேண்டுமே.

உறவு ஒருவழிதான். கல்யாண மண்டபத்தில் யாரோ ஒருவர் வந்து கையைப் பிடித்துக்கொண்டு "என்னைத் தெரியுதா?" என்பார். நமக்குச் சுத்தமாகத் தெரியாது, அவருக்கோ நம் தாத்தா பெயர் வரைக்கும் தெரியும். ஆட்டத்திலும் அப்படியேதான் இருக்க வேண்டும். வரிகள் பெருகிவிடுமோ என்று ஒரு நண்பர் கவலைப்பட்டார். அறுபது கேரக்டர்களில் எல்லோரும் எல்லோரையும் தெரிந்துகொண்டாலும் 60 பெருக்கல் 59, மொத்தம் 3,540 வரிதான். உள்ளே வரும்போது ஒரு முறை எடுத்து நினைவகத்தில் வைத்துக்கொண்டால் டேட்டாபேஸுக்கு ஒரு சுமையும் இல்லை.

அறிமுகத்தோடு கூட, எவெனியாவில் பார்த்தபடி சொந்தமாகப் பெயர் வைக்கும் வசதியும் கொடுத்தோம். ஆளைப் பார்த்து ஒரு விசை, ஒரு சின்னப் பெட்டி, எழுதி மூடிவிடலாம். ஜிடிஏவின் சொந்த எழுத்துருக்களில் தமிழ் கிடையாது, அதனால் பெட்டியையும் பெயரையும் குரோமியத்தில் ஓடும் வெப் அடுக்கில்தான் காட்டுகிறோம். அங்கே தமிழ் ஒழுங்காக வருகிறது. பாதிப் பேர் தங்கிலீஷில்தான் எழுதுகிறார்கள், அது வேறு கதை. ஒருவர் தன் பட்டியலைத் தானாகவே எனக்குக் காட்டினார்: 'பங்க் அக்கா', 'பச்சைச் சட்டை', 'பச்சைச் சட்டையோட தம்பி', 'காசு தரணும்', 'இவனும் காசு தரணும்', 'நல்ல போலீஸ்'. உண்மைப் பெயர் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அதுவும் அவருடைய முதலாளி பெயர். ஊரில் நாம் ஆட்களை நினைவு வைத்திருப்பதும் இந்த லட்சணத்தில்தானே. இந்தப் பட்டியல் சம்பந்தப்பட்டவர் கண்ணில் எந்த வழியிலும் படக் கூடாது. அது படுகிற அன்று சர்வரில் குடுமிப்பிடிச் சண்டைதான்.

தெரியாதவருக்கு என்ன காட்டுவது? வெறுமனே 'அறிமுகமில்லாதவர்' என்று காட்டினால், நாலு பேர் நிற்கிற இடத்தில் யாரிடம் பேசுகிறோம் என்றே புரியாது. கேரக்டர் உருவாக்கும்போது தோற்றத்தை நாற்பது எழுத்துக்குள் எழுதச் சொல்கிறோம். கண்ணால் பார்க்க முடிந்ததை மட்டும்தான் எழுதலாம். "நெற்றியில் தழும்பு, தடித்த மீசை" சரி. "பார்த்தாலே குலை நடுங்கும்" கூடாது, நடுங்குவதா வேண்டாமா என்று எதிரில் நிற்பவர்தான் முடிவு செய்வார். "முன்னாள் ராணுவ வீரர்" என்பதும் கூடாது, அது நெற்றியில் எழுதியிருக்காது. இதைச் சரிபார்ப்பதுதான் அட்மின்களுக்கு அதிக வேலை. மக்களுக்குத் தங்கள் கேரக்டரைப் பற்றிச் சொல்ல அவ்வளவு ஆசை.

ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்களுக்கு இப்போது ஒழுகும் இடங்களைச் சொல்கிறேன், நேரமெல்லாம் போவது இங்கேதான். ஃபைவ்எம்மின் இயல்பான சாட் தொகுப்பு, யாராவது உள்ளே வந்தால் "இன்னார் ஜாயின்ட்" என்று எல்லோருக்கும் அறிவிக்கும். அதில் வருவது கேரக்டர் பெயர்கூட இல்லை, ஆடுபவரின் ஸ்டீம் பெயரோ ஃபைவ்எம் பெயரோ. நம் பிள்ளைகள் பாதிப் பேர் அங்கே சொந்தப் பெயரையே இனிஷியலோடு வைத்திருப்பார்கள். ஒரு பெண் உள்ளே வந்ததும், அந்தப் பெயரை வைத்து இன்ஸ்டாகிராமில் தேடி மெசேஜ் அனுப்பும் ஆட்கள் எங்கள் சர்வரிலும் இருந்தார்கள். மற்ற ஓட்டைகளால் கதை கெடும், இதில் ஆளுக்கே தொந்தரவு. அதனால் முதல் வேலையாக அந்த அறிவிப்பை எடுத்துவிடுங்கள். வெளியேறும்போது வருவதையும் சேர்த்துத்தான்.

அடுத்தது ஐடி. பெயரை மறைத்துவிட்டுத் தலைக்கு மேல் 47 என்று காட்டினால், "47தான் கொள்ளையடிச்சான்" என்பார்கள். எண்ணும் ஒரு பெயர்தான். ஃபைவ்எம்மில் துண்டித்துத் திரும்ப வந்தால் புது எண் கிடைக்கும், ஆனால் ஒரு ராத்திரிக் கதைக்குள் ஒருவரைத் துரத்த அந்த எண் தாராளமாகப் போதும். எங்களிடம் ஐடி யாருக்கும் தெரியாது. அப்படியானால் ரூல் மீறுகிறவனை எப்படிப் புகார் செய்வது? புகார்க் கட்டளை போட்ட நொடியில் சுற்றி இருந்தவர்களின் பட்டியலை சர்வரே எடுத்து அட்மினுக்கு அனுப்பிவிடும். புகார் செய்தவர் "மஞ்சள் ஹெல்மெட் போட்டவர்" என்று எழுதினால் போதும்.

அப்புறம் பணம். வங்கிப் பரிமாற்றம் செய்தால் "இன்னாருக்கு 500 டாலர் அனுப்பப்பட்டது" என்று வரும். நூறு டாலரைத் தெரியாதவருக்கு அனுப்பிப் பெயரைத் தெரிந்துகொள்ளும் யுக்தியை எங்கள் ஆட்கள் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டார்கள். இப்போது கணக்கு எண் மட்டும் வரும். மெக்கானிக் பில், ஆஸ்பத்திரி பில், கடை ரசீது எல்லாவற்றிலும் இதே கதை. போனில் எண் மட்டும்தான், சேமித்து வைத்தால் நீங்கள் வைத்த பெயர். அடையாள அட்டையைக் காட்டினால் பக்கத்தில் நிற்பவர்களுக்கெல்லாம் விவரம் போகும்படி சில தொகுப்புகள் எழுதப்பட்டிருக்கின்றன. நாங்கள் அதை நேரெதிரே நிற்கும் ஒருவருக்கு மட்டும் என்று மாற்றினோம். இந்த அட்டை மட்டும் உண்மைப் பெயரைச் சொல்லும், போலி அட்டை வாங்கியிருந்தால் தவிர. போலி அட்டை அடித்துக் கொடுப்பதை ஒருவர் தொழிலாகவே நடத்துகிறார், நல்ல வருமானம்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது: திரையில் மறைப்பது மறைப்பே ஆகாது. பல ஸ்கிரிப்டுகளில் கேரக்டர் பெயரை ஸ்டேட் பேக்கில் (சர்வரும் ஆடுபவர்களின் கணினிகளும் பகிர்ந்துகொள்ளும் தகவல் பை) போட்டு, எல்லோருக்கும் பகிரும்படி விட்டுவிடுவார்கள். அப்புறம் கிளையண்ட் பக்கம், அதாவது ஆடுபவரின் கணினியில், "தெரிந்தவரா? இல்லையென்றால் காட்டாதே" என்று ஒரு வரி. பெயர் ஏற்கெனவே எல்லோர் கணினிக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது, எடுத்துப் படிக்க ஏமாற்றி ஆடுகிறவர்கள் வைத்திருக்கும் ஒரு சீட் மெனு போதும். சர்வர் முடிவு செய்ய வேண்டும், தெரியாதவருக்குப் பெயரை அனுப்பவே கூடாது. ஃபைவ்எம்மின் ஒன்சிங்க் (யார் எங்கே என்பதை சர்வரே கவனிக்கும் வசதி) போட்ட சர்வரில் ஒருவர் இன்னொருவரின் வட்டத்துக்குள் வரும்போதும் போகும்போதும் சர்வருக்குத் தகவல் வரும். வட்டத்தின் ஆரம் இயல்பாக 424 அலகு, கிட்டத்தட்ட அத்தனை மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். உள்ளே வந்ததும் அந்த ஜோடிக்கு என்ன எழுத்தோ அதை மட்டும் அனுப்புகிறோம். திரையில் காட்டுவது ஏழு மீட்டருக்குள், நடுவில் சுவர் இல்லாவிட்டால் மட்டும்.

மாஸ்க் விஷயத்தில் ஸ்பேஸ் ஸ்டேஷனிடம் கடன் வாங்கினோம். முகத்தை மூடும் எதைப் போட்டாலும், அது ஹெல்மெட்டாக இருந்தாலும், பழைய அறிமுகம் வேலை செய்யாது. ஹெல்மெட்டைக் கழற்றாமல் கராஜுக்குள் வந்தவரிடம் மெக்கானிக், "யாருப்பா நீ, மூஞ்சியக் காட்டு" என்று கேட்கிற சின்னச் சின்னக் காட்சிகள் இதனால் கிடைத்தன. ஆனால் எங்கள் சர்வர் குரலில் ஓடுவது, மைக்கில் பேசும் குரலை எந்த ஸ்கிரிப்டாலும் மறைக்க முடியாது. போனுக்கும் ரேடியோவுக்கும் குரலைக் கொஞ்சம் கரகரப்பாக்கலாம், எதிரில் நின்று பேசுகிறவருக்கு அதுவும் இல்லை. அதற்கு விதிதான் போட முடிந்தது: குரலை வைத்துச் சந்தேகப்படலாம், குரலை மட்டும் வைத்துக் கைது செய்யக் கூடாது. போலீஸ் அணியில் மூத்தவர் ஒருவர், "நெஜத்துலயும் அப்படித்தானே தம்பி" என்றார். அதற்குப் பிறகு யாரும் சண்டைக்கு வரவில்லை.

டிஸ்கார்டும் லைவ் ஸ்ட்ரீமும் எங்கள் கைக்கு வெளியே. ஸ்ட்ரீம் செய்கிறவர்களிடம், மற்றவர்களுக்கு வைத்த பெயர்களைத் திரையில் மறைக்கும் பொத்தானைக் கொடுத்திருக்கிறோம். டிஸ்கார்டில் கேரக்டர் பெயரைப் பட்டப்பெயராக வைக்கச் சொல்லும் வழக்கம் பல சர்வர்களில் உண்டு. பெயரை மறைக்கிற சர்வருக்கு அது ஒத்துவராது. புரொஃபைல் படத்தையும் பெயரையும் பார்த்து யார் யார் என்று அரை மணியில் பட்டியல் போட்டுவிடலாம்.

இதற்கெல்லாம் ஒரு விலையும் உண்டு. புதிதாக வருகிறவர் ஊர் நடுவே லீஜன் ஸ்கொயரில் நின்றுகொண்டு, சுற்றி யாரையும் தெரியாமல், கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார். பெயர் தெரிந்தால் அதைச் சொல்லியாவது பேச்சைத் தொடங்கியிருப்பார். நாங்கள் செய்தது: டாக்சிக்காரர்களுக்கு, புது ஆளை ஏற்றினால் கூடுதல் காசு. ஏறியதும் "எந்த ஊருங்க, பேரு என்ன?" என்று கேட்பார்கள், முதல் அறிமுகம் ஆகிவிடும். ஒரு கடைக்கு ஐந்து நிமிடம் டாக்சி ஓடுவதற்குள் அவர்களே வேலை, வீடு, யாரிடம் கடன் வாங்கக் கூடாது எல்லாம் சொல்லிவிடுகிறார்கள். டுடோரியல் என்று நான் எழுதி வைத்த பக்கங்களை யாரும் படித்ததில்லை, இது நடக்கிறது.

மறதியையும் சேர்க்கலாமா என்று பேச்சு வந்தது, ரொம்ப நாள் பார்க்காதவர் பெயர் தானாக அழிந்துவிடும்படி. நான் ஒத்துக்கொள்ளவில்லை. பரீட்சைக்காக ஒரு மாதம் லீவு போட்டுவிட்டு வரும் மாணவருக்கு நண்பர்களெல்லாம் அந்நியர்களாகிவிடுவார்கள். வேண்டுமானால் அவரவரே அழித்துக்கொள்ளட்டும்.

இன்னும் தீராதது ஒன்று இருக்கிறது. கேரக்டர் நிரந்தரமாகச் செத்துப்போனால், ஆடியவர் புதுக் கேரக்டரோடு வருவார். புது எண், புது முகம், யாருக்கும் அவரைத் தெரியாது, அட்டவணை தன் வேலையைச் சரியாகச் செய்துவிடும். ஆனால் வாயைத் திறந்தால் அதே குரல், அதே "அண்ணே அண்ணே". பழைய கூட்டாளிகள் புது ஆளை முதல் நாளே கும்பலில் சேர்த்துக்கொள்கிறார்கள். ஸ்கிரிப்டில் இதற்கு மருந்து கிடையாது. ஒரு வாரம் பழைய கும்பல் பக்கம் போகாதீர்கள், வேறு தொழில் பாருங்கள் என்று சொல்லி அனுப்புகிறோம். பாதிப் பேர் கேட்கிறார்கள்.